வலையின் ஈயமும் வீட்டின் நலமும்

கடலை நம்பி வாழ்வோரின் கருவிகளுள் வலையே தலையாயது. வலையைப் பற்றிப் பேசுவோர் அதன் நூலைப் பற்றியும், கண்ணின் அளவைப் பற்றியும், மேற்கயிற்றிலே மிதக்கும் மிதப்புகளைப் பற்றியும் விரிவாகப் பேசுவர். அடிக்கயிற்றிலே கோக்கப்பெற்று, எவர் கண்ணிலும் படாமல் நீரின் அடியிலே கிடந்து தொழில் செய்யும் ஈயக் குண்டுகளை நினைப்போர் சிலரே. அவ்வீயம் இல்லையேல், எத்துணை விலையுயர்ந்த வலையாயினும் நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் அலையும் வெறுந் துணியாகிவிடும். அந்த ஈயம் எங்கிருந்து கிடைக்கிறது, அதை எவ்வாறு உருக்கி வார்க்கிறார்கள், அதனால் வீட்டிலுள்ளோருக்கு யாது நேரக்கூடும் என்பவற்றை நேயர்கள் முன் வைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

மட்டக்களப்பிற்குத் தெற்கே, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊரோடு ஊர் தொடுத்தாற்போல் நீண்டு, பொத்துவில் வரை செல்கிறது அம்பாறைக் கரையோரம். கிழக்கே வங்கக் கடல். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். இவ்விரண்டிற்கும் இடையே ஒடுங்கிய மணற்பரப்பிலே மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். பெண்மக்களுக்கு வீடு கொடுத்து மணம் முடிக்கும் வழக்கம் உள்ள நாடாதலின், ஒரு வளவு தலைமுறைக்குத் தலைமுறை பகுக்கப்பட்டு, உம்மாவின் வீடும் மகளின் வீடும் ஒரே கிணற்றடியைப் பங்கிட்டுக் கொள்வதுண்டு. அடுக்களைக்கும் முற்றத்திற்கும் இடையே பத்தடி இருந்தால் அது பெரிய வளவு எனலாம். இந்த நெருக்கத்தை நேயர்கள் மனத்திலே கொள்ளவேண்டும். பின்னர்ச் சொல்லப்போகும் செய்திக்கெல்லாம் இதுவே அடிப்படை.

வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாரிக் காலத்திலே கடல் கொந்தளிக்கும். தோணிகளும் இயந்திரப் படகுகளும் பல நாட்கள் கரையிலே கிடக்கும். வலைகளைப் பிரித்துச் செப்பனிடும் காலம் அதுவே. அறுந்த கண்களைப் பொத்துவதும், அடிக்கயிற்றை மாற்றுவதும், உதிர்ந்துபோன ஈயக் குண்டுகளுக்கு ஈடாகப் புதியன வார்ப்பதும் அப்போதுதான் நிகழும். குளத்திலும் களப்பிலும் வீசும் வீச்சுவலையாயினும், கரையிலிருந்து இழுக்கும் கரைவலையாயினும், படகிலிருந்து இடும் செவுள்வலையாயினும், யாவற்றிற்கும் அடியிலே பாரம் வேண்டும். வீச்சுவலையின் விளிம்பைச் சுற்றி நெருக்கமாகக் குண்டுகள் இருந்தாலன்றி, அது குடைபோல் விரிந்து விழுந்து மீனை மூடாது.

இப்பாரத்திற்கு ஈயத்தையே மீனவர் தேர்ந்தமைக்குத் தக்க காரணங்கள் உண்டு. ஈயம் நீரைப்போல் 11 மடங்குக்கும் சற்று அதிகமான செறிவுடையது. இரும்பின் செறிவு 8 மடங்கினும் சிறிது குறைவு. கருங்கல்லின் செறிவு 2½ மடங்கை ஒட்டியது. நீரில் மூழ்கிய பொருள், தான் விலக்கிய நீரின் எடை அளவுக்குத் தன் எடையை இழக்கும் என்பது பள்ளியிலே படித்த பாடம். அதன்படி 1 கிலோ ஈயம் நீருக்குள் 90 கிராம் அளவே எடை இழக்கும். 1 கிலோ இரும்பு 130 கிராம் அளவும், 1 கிலோ கருங்கல் 400 கிராம் அளவும் இழக்கும். ஆகவே சிறிய குண்டாயினும் ஈயம் வலையைக் கடலடிக்கு விரைந்து கொண்டு செல்கிறது. அன்றியும், அது இரும்பைப்போல் துருப்பிடித்து நூலை அரிப்பதில்லை; கத்தியால் வெட்டத்தக்க மென்மையுடையது; 327 பாகை சென்ரிகிரேட் வெப்பத்திலேயே உருகிவிடுவது. விறகடுப்பும் ஒரு பழைய தாச்சியும் இருந்தால் எவரும் வார்க்கலாம். இந்த எளிமையே அதன் நன்மை. இந்த எளிமையே அதன் ஆபத்தும் ஆகும்.

இங்கே ஒரு சொல் மயக்கத்தையும் நீக்கிக்கொள்ளுதல் நன்று. பித்தளைப் பாத்திரங்களுக்குப் பூசும் ஈயம் வெள்ளீயம். வலைக்குக் கட்டும் ஈயம் காரீயம். இரண்டும் வெவ்வேறு உலோகங்கள். வெள்ளீயம் 232 பாகையில் உருகும். உணவுப் பாத்திரத்திற்கு உகந்தது. காரீயமோ உணவின் அருகே வரவே தகாதது. பேச்சு வழக்கில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிவிடுவதனால், பாத்திரத்தில் பூசுகின்ற பொருள்தானே, இதனால் என்ன தீங்கு வந்துவிடும் என்று எண்ணிவிடுகின்றனர். இனி இப்பேச்சில் ஈயம் என்று வருமிடமெல்லாம் காரீயத்தையே குறிக்கும்.

ஈயத்தை வார்க்கும் தொழில் இந்நாட்டிற்குப் புதியதன்று. அம்பாறைப் பகுதியையும் தன்னுள் அடக்கியிருந்த பண்டைய உருகுணை நாட்டிலே, திஸ்ஸமகாராமைக்கு அண்மையிலுள்ள அக்குறுகொடவில், பிராமி எழுத்துப் பொறித்த ஈய நாணயங்கள் கிடைத்துள்ளன. அவை ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. பிற்காலத்திலே துவக்கு வந்தபோது, அதற்கு வேண்டிய உருண்டைகளும் இவ்வாறே வீடுகளில் வார்க்கப்பட்டன. வாய்வழி மருந்திடும் பழைய துவக்கு புழங்கிய காலத்திலே, பன்றியும் யானையும் விளைச்சலை அழிக்கும் காட்டோர நாடுகளில், உருண்டை அச்சு வேளாண் கருவிகளோடு ஒன்றாக இருந்தது. இந்நாட்டில் துவக்கு வைத்திருத்தல் 1916ஆம் ஆண்டின் சுடுகருவிகள் கட்டளைச் சட்டத்தினால் அனுமதிப்பத்திரத்திற்கு உட்பட்டது. நாணயமும் உருண்டையும் வழக்கொழிந்த பின்னும் ஒழியாது நிற்பது வலைக்குண்டு வார்த்தல் ஒன்றே.

இலங்கையில் ஈயச் சுரங்கம் கிடையாது. ஆதலின் வலைக்கு வேண்டிய ஈயம் கடையிலே வாங்கியதாக இருக்கவேண்டும். இல்லையேல் பழம்பொருளிலிருந்து எடுத்ததாக இருக்கவேண்டும். கடையிலே வார்த்த குண்டுகள் கிடைக்கின்றனவாயினும், கை இறுகிய குடும்பத்தினர் பழைய ஈயத்தையே நாடுவர். அப்பழைய ஈயம் எல்லாம் ஒரே தன்மையுடையதன்று. எந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்து தேர்வதிலேதான் வீட்டின் நலம் அடங்கியிருக்கிறது.

முதலாவது, பழைய வலையின் ஈயம். நைந்துபோன வலையை எரித்துவிடவோ கடலிலே எறிந்துவிடவோ கூடாது. அதன் அடிக்கயிற்றை அறுத்துக் குண்டுகளை உருவி எடுத்து, புதுக் கயிற்றிலே அப்படியே கோத்துவிடலாம். உருக்கவேண்டிய தேவையே இல்லை. இதனினும் சிறந்த மூலம் வேறொன்றில்லை. கரைவலைக்காரர் பலர் ஒரே குண்டுகளைப் பல வலைகளுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது இக்காரணத்தினாலேயே சிறந்த வழக்கமாகும்.

இரண்டாவது, தகடு, குழாய், கம்பியுறை என்பன. பழைய தொலைபேசிக் கம்பிகளும் மின்கம்பிகளும் நிலத்தடியிலே ஈர உறைப்பைத் தடுப்பதற்காக ஈயத்தினால் உறையிடப்பட்டிருந்தன. பழைய கட்டடங்களிலே கூரை மூட்டுகளுக்கு ஈயத் தகடு வைத்தனர். நீர்க்குழாய்களையும் ஈயத்தினால் செய்தனர். இவ்வீயம் மென்மையானது, கலப்புக் குறைந்தது. நகத்தினால் கீறினால் தடம் விழும். காகிதத்திலே தேய்த்தால் சாம்பல் நிறக் கோடு இடும். தகடாகக் கிடைப்பதை உருக்காமலே சிறு துண்டுகளாக வெட்டிக் கயிற்றைச் சுற்றிச் சுருட்டித் தட்டிவிடலாம். ஆயினும் இவற்றை முறையாக விற்போரிடமிருந்து வாங்கவேண்டுமே தவிர, பயன்பாட்டிலுள்ள கம்பியை வெட்டியவரிடமிருந்து வாங்குதல் குற்றமாகும்.

மூன்றாவது, மோட்டார் வாகனச் சக்கரத்தின் விளிம்பிலே சமநிலைக்காகப் பொருத்தும் சிறு கட்டிகள். ரயர் திருத்தும் கடைகளிலே இவை கழிவாகக் கிடைக்கும். முன்னாளில் இவை பெரும்பாலும் ஈயத்தினால் ஆனவை. இப்போது இரும்பினாலும் துத்தநாகத்தினாலும் செய்யப்படுவன மிகுதி. ஐரோப்பிய ஒன்றியத்திலே 2005ஆம் ஆண்டு முதல் பயணிகள் கார்களுக்கு ஈயக் கட்டிகள் விலக்கப்பட்டுள்ளன. துத்தநாகம் உருகுவதற்கு ஏறத்தாழ 420 பாகை வேண்டும். கலந்து கிடக்கும் கட்டிகளைத் தாச்சியிலே இட்டு, உருகாதது கண்டு தீயை மேலும் மேலும் கூட்டுவோர், தம்மை அறியாமலே ஈயத்தின் ஆவியை எழுப்புகின்றனர். கட்டிகளை முன்னரே பிரித்தெடுத்து, உருகாது மிதப்பதை அகப்பையால் நீக்கிவிடுதலே முறை.

நான்காவது, அச்செழுத்து. கையால் எழுத்துக் கோத்து அச்சிட்ட காலம் மறைந்தபோது, இந்நாட்டிலும் அச்சகங்களின் எழுத்துப் பெட்டிகள் பழைய உலோகமாக நிறுத்து விற்கப்பட்டன. அவ்வெழுத்து உலோகம் ஈயத்தோடு அஞ்சனக்கல் எனப்படும் அந்திமனியும் வெள்ளீயமும் கலந்தது. கடினமானது, தட்டினால் வளையாமல் உடையும். அச்சிலே வார்ப்பதற்கு உதவுமேயன்றிக் கயிற்றிலே சுருட்டுவதற்கு உதவாது.

ஐந்தாவது, போர்க்கருவிகளின் எச்சம். 2009ஆம் ஆண்டு முடிவுற்ற நெடும்போரின் எச்சங்கள் கிழக்கின் காட்டோரங்களிலும் வெளிகளிலும் எங்கேனும் ஒரு காலத்தில் தலைகாட்டக்கூடும். வெடித்ததோ வெடிக்காததோ என்று பார்வையினால் அறிய இயலாது. ஈயத்திற்காகவோ பித்தளைக்காகவோ அவற்றைத் தொடுதலும், தட்டுதலும், தீயருகே கொண்டுசெல்லுதலும் உயிரைப் பணயம் வைத்தலாகும். கண்ட இடத்திலேயே விட்டுவிட்டுப் பொலிசாருக்கு அறிவிப்பதே செய்யத்தக்கது.

இனி ஆறாவது மூலத்திற்கு வருவோம். இன்று எளிதிலே கிடைப்பதும் மிகக் கொடியதும் அதுவே. அது பழுதடைந்த பற்றரி. உலகிலே பயன்படும் ஈயத்தில் ஏறத்தாழ 85 வீதம் பற்றரிகளுக்கே செல்கிறது. மோட்டார் வாகனம், முச்சக்கர வண்டி, உழவு இயந்திரம், படகு, சூரிய விளக்கு என எங்கும் பற்றரி உண்டு. சில ஆண்டுகளில் அது செத்துப்போவதும் உண்டு. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயமும் ஈயச் சேர்வைகளுமாதலின், முற்றத்திலே கிடக்கும் ஒரு பழைய பற்றரியைக் காணும் மீனவருக்கு அது இலவசமாகக் கிடைத்த ஒரு வலைப்பாரமாகவே தோன்றும். உடைத்தால் போதும், உருக்கினால் போதும் என்று எண்ணுவது இயல்பே.

ஆனால் பற்றரியின் உள்ளே இருப்பது குழாயிலும் தகட்டிலும் உள்ள ஈயமன்று. உள்ளே கம்பிவலை போன்ற சட்டங்கள் உள்ளன. அச்சட்டங்களிலே பசைபோல் அப்பப்பட்டிருப்பது ஈய ஒட்சைட்டும் ஈய சல்பேற்றும் ஆகும். காய்ந்தவுடன் அப்பசை மாவாக உதிர்கிறது. மாவு காற்றிலே பறக்கிறது, மணலிலே கலக்கிறது, கையிலும் சாரத்திலும் ஒட்டிக்கொள்கிறது. விறகடுப்பிலே அம்மாவு ஈயமாக மாறுவதில்லை. பெரும்பகுதி கசடாகவே எஞ்சுகிறது. ஆகவே கிடைக்கும் உலோகம் எதிர்பார்த்ததிலும் குறைவு; மிஞ்சும் நஞ்சு எதிர்பார்த்ததிலும் அதிகம். கந்தக அமிலம் கண்ணையும் தோலையும் சுடுவதோடு, கிணற்றடி மண்ணிலே ஈயத்தையும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சட்டங்களின் கலப்பிலே சிறிதளவு ஆசனிக்கும் இருக்கக்கூடும். அத்தகைய கசடு ஈரம் பட்டால் மிகக் கொடிய வாயு பிறக்கவும் இடமுண்டு.

இதன் விளைவை உலகம் ஒரு கடற்கரை ஊரிலே கண்டது. ஆபிரிக்காவின் மேற்குக் கரையில், செனகல் நாட்டின் தலைநகரான டக்காருக்கு அண்மையிலே தியாரோய் என்னும் கடலோரக் குடியிருப்பு ஒன்றுண்டு. அங்கே பல்லாண்டுகளாகப் பழைய பற்றரிகளை வெளியிலே உடைத்து ஈயம் எடுத்து வந்தனர். உடைத்த இடத்து மணலிலே ஈயத் துகள் மண்டிக் கிடந்தது. ஈயத்தின் விலை ஏறியபோது, பெண்கள் அம்மணலைச் சலித்துத் துகளைப் பொறுக்கினர். சாக்குகளிலே கட்டி வீட்டுக்கும் கொண்டுவந்தனர். தாய்மார் வேலை செய்யும் இடத்திலே குழந்தைகள் மணலிலே விளையாடினர். 2007ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தொடங்கி 2008ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரையுள்ள ஐந்து மாத காலத்திலே அங்கு 18 குழந்தைகள் இறந்தனர். தொற்றுநோய் என்று முதலிலே ஐயுற்றனர். இறந்த குழந்தைகளின் உடன்பிறந்தோரையும் தாய்மாரையும் சோதித்தபோதுதான், அவர்கள் இரத்தத்திலே ஈயம் மிக உயர்ந்த அளவில் இருப்பது வெளிப்பட்டது. அவர்கள் செய்தது கொள்ளையன்று, குற்றமன்று. ஏழைகள் உணவுக்காகச் செய்த தொழில். மணலும் கடலும் நெருங்கிய வீடுகளும் உள்ள அவ்வூரின் அமைப்பு கல்முனைக் கரைக்குப் புதியதன்று என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஈயம் உடலிலே புகும் வழி யாது? புகையைக் கண்டு அஞ்சுவோர் பலர். தூசைக் கண்டு அஞ்சுவோர் இல்லை. ஈயத்தை உருகும் அளவோடு நிறுத்தினால் ஆவி மிகுதியாக எழுவதில்லை. ஆனால் மேலே படரும் மஞ்சளும் சாம்பலுமான ஆடையை அகப்பையால் வழித்துத் தரையிலே தட்டும்போது, நுண்ணிய தூசு எழுகிறது. அது கையிலிருந்து பீடிக்கும் வெற்றிலைக்கும் செல்கிறது. அங்கிருந்து வாய்க்குச் செல்கிறது. உடுத்த சாரத்தோடு படுக்கைக்குச் செல்கிறது. தவழும் குழந்தை தரையைத் தடவிய கையை வாயிலே வைக்கிறது. வளர்ந்தவர் விழுங்கிய ஈயத்தில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே உடலிலே சேரும். சிறு குழந்தையின் உடலிலோ அதனினும் நான்கைந்து மடங்கு சேரும். வார்ப்பவர் வாப்பாவாயினும் நோய் பிள்ளைக்கு முந்துவது இதனாலேதான்.

உடல் ஈயத்தைக் கல்சியமென்று மயங்கி ஏற்றுக்கொள்கிறது. இரத்தத்திலே சில வாரங்கள் சுற்றியபின் அது எலும்பிலே போய்த் தங்கிப் பல்லாண்டுகள் கிடக்கிறது. ஒரு பெண்ணின் எலும்பிலே சிறுவயதில் சேர்ந்த ஈயம், அவள் கருவுற்ற காலத்திலே மீண்டும் இரத்தத்திற்கு வந்து கருவிலுள்ள சிசுவையும் சேர்கிறது. இரத்தம் உருவாவதை அது தடுக்கிறது. ஆகவே சோகை உண்டாகிறது. வளரும் மூளையைப் பாதிக்கிறது. ஆகவே பிள்ளை கற்பதிலே பின்தங்குகிறது. வயிற்று வலி, மலச்சிக்கல், பசியின்மை, சோர்வு, எரிச்சல் என்பனவே வெளியிலே தெரியும் குறிகள். இவற்றைக் கண்டு பூச்சி என்று மருந்து கொடுப்போரும், சோம்பல் என்று கடிந்துகொள்வோரும் உண்டு. மிகுதியாகச் சேர்ந்தால் வலிப்பும் மயக்கமும் வந்து உயிரே போகலாம். தீங்கில்லாத ஈய அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு.

இது ஒரு கரையோரத்தின் கவலை மட்டுமன்று. உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவர், அதாவது 80 கோடி வரையிலானோர், கவலைக்குரிய அளவில் ஈயத்தை இரத்தத்திலே தாங்கியிருக்கின்றனர் என்று ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியம் 2020ஆம் ஆண்டு கணித்து வெளியிட்டது. அரசுகள் முயன்றால் இதனைக் குறைக்க இயலும் என்பதற்கும் சான்று உண்டு. பெற்றோலிலே ஈயம் கலப்பதை இலங்கை 2002ஆம் ஆண்டு நிறுத்தியது. 2021ஆம் ஆண்டோடு உலகமே நிறுத்திவிட்டது. தெருவின் காற்றிலிருந்து ஈயத்தை அரசு விலக்கலாம். ஒரு வளவின் அடுப்பிலிருந்து விலக்குதல் அவ்வீட்டாரின் கையிலேதான் இருக்கிறது.

ஆகவே செய்யத்தக்கவை யாவை? பற்றரியை வீட்டிலே உடைத்தல் ஒருபோதும் ஆகாது. எத்துணைப் பாதுகாப்போடு செய்தாலும் ஆகாது. பழைய பற்றரியை அமிலத்தைக் கொட்டாமல் முழுமையாகவே கடைக்குக் கொண்டுசென்றால், புதியது வாங்கும்போது அதற்கு விலை கழித்துத் தருவோர் உளர். அவ்விலையைக் கொண்டு வார்த்த குண்டுகளை வாங்கிக்கொள்ளலாம். கழிவுப் பற்றரி நாடு விட்டு நாடு செல்வதைக்கூடக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை 1989ஆம் ஆண்டு எழுதப்பட்டது. இலங்கையும் அதிலே சேர்ந்துள்ளது. உலக நாடுகள் கூடிக் கட்டுப்படுத்தவேண்டிய பொருளைக் கிணற்றடியிலே கோடரியால் பிளத்தல் தகுமோ என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஏனைய ஈயத்தை உருக்கியே ஆகவேண்டுமாயின், வளவுக்குள் உருக்கலாகாது. வீடுகளுக்கு எட்ட, காற்று வீடுகளை நோக்கி வீசாத நாளிலே, திறந்த வெளியிலே, காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்யவேண்டும். பிள்ளைகளையும் கருவுற்ற பெண்களையும் அருகே விடலாகாது. தாச்சியும் அகப்பையும் இதற்கென்றே ஒதுக்கப்பட்டனவாக இருக்கவேண்டும். அவை மீண்டும் அடுக்களைக்குப் போகலாகாது. ஈயம் உருகியவுடன் தீயைத் தணிக்கவேண்டும், செந்நிறமாகக் காயவிடலாகாது. அச்சு முற்றிலும் உலர்ந்திருத்தல் இன்றியமையாதது. ஈரமுள்ள அச்சிலோ மணலிலோ உருகிய ஈயத்தை ஊற்றினால், நீர் ஒரு நொடியிலே ஏறத்தாழ 1700 மடங்கு பருமனுள்ள ஆவியாகி வெடித்து, ஈயத்தை முகத்திலே அள்ளி எறியும். மாரிக் காலத்து ஈரத்திலே இத்தகைய விபத்துக்கு இடம் மிகுதி.

வழித்தெடுத்த கசடை மணலிலே தட்டாமல் மூடியுள்ள தகரப் பேணியிலே சேர்த்துப் பழைய உலோகம் வாங்குவோரிடம் கொடுத்துவிடவேண்டும். வேலை முடியும்வரை பீடியோ வெற்றிலையோ வாயிலே வைக்கலாகாது. முடிந்தவுடன் சவர்க்காரமிட்டுக் கையையும் முகத்தையும் கழுவி, உடையை மாற்றி, அவ்வுடையைப் பிள்ளைகளின் உடையோடு சேராமல் தனியே துவைக்கவேண்டும். குண்டைக் கயிற்றிலே இறுக்குவதற்குப் பல்லால் கடிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அதனைக் குறடு கொண்டு செய்யவேண்டும். வலை கோக்கும் பெண்கள் சோறு குழைக்குமுன் கை கழுவுதலை மறக்கலாகாது. குழந்தைகளுக்கு ஈயக் குண்டை விளையாட்டுப் பொருளாகக் கொடுக்கவே கூடாது.

இவற்றினும் சிறந்தது ஊருக்கு ஒரு பொது வார்ப்பிடம். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் கடற்கரையோரத்திலே, குடியிருப்புக்கு அப்பால், புகைபோக்கியும் சீமெந்துத் தரையும் உள்ள சிறு கொட்டிலொன்றை அமைக்கலாம். நல்ல அச்சுகளும் குறடுகளும் அங்கேயே இருக்கும். பழைய ஈயம் நிறுத்து வாங்கப்படும். வார்த்த குண்டு நிறுத்துக் கொடுக்கப்படும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையிலே ஆயிரமாயிரம் உயிர்களோடு வலைகளையும் தோணிகளையும் வாரிச் சென்றபோது, மக்கள் ஒன்றுகூடித் தொழிலை மீள நிறுத்தினர். அத்தகைய மக்களுக்கு ஒரு கொட்டில் அமைத்தல் அரிய செயலன்று.

ஈயத்திற்கு மாற்றுத் தேடும் முயற்சியும் உலகிலே நடைபெறுகிறது. இங்கிலாந்திலே அன்னப் பறவைகள் தூண்டிற்காரர் விட்டுச்சென்ற சிறு ஈயக் குண்டுகளைக் கூழாங்கற்களோடு விழுங்கி இறந்தமையினால், 1987ஆம் ஆண்டு முதல் அத்தகைய சிறு குண்டுகளின் விற்பனை விலக்கப்பட்டது. சுட்ட மண் குண்டுகளையும் துளையிட்ட கற்களையும் பழங்கால மீனவர் பயன்படுத்தினர். அவை பருமனிலே பெரியனவாயினும், களப்பின் ஆழமற்ற நீரிலே இடும் சில வலைகளுக்கு இன்றும் போதுமானவை. இரும்புச் சங்கிலியைச் சில வலைகளுக்குப் பாரமாகக் கட்டுவதும் உண்டு. எல்லா வலைக்கும் இவை பொருந்தா. பொருந்துமிடத்திலே கைக்கொள்ளுதல் ஈயத்தின் அளவைக் குறைக்கும்.

முன்னரே வீட்டிலே ஈயம் உருக்கியவர்கள் அஞ்சி ஒளிக்கவேண்டியதில்லை. பிள்ளைக்குச் சோகையோ ஓயாத வயிற்று வலியோ இருப்பின், வைத்தியரிடம் செல்லும்போது வீட்டிலே ஈயம் வார்த்த செய்தியைத் தாமாகவே சொல்லவேண்டும். வைத்தியர் கேட்கமாட்டார், அவருக்கு அது தெரிய வழியில்லை. இரத்தப் பரிசோதனையினாலேயே உண்மை வெளிப்படும். ஈயம் வரும் வழியை அடைப்பதே முதல் மருந்து. மிகுதியாகச் சேர்ந்திருந்தால் அதனை வெளியேற்றும் மருந்துகளும் வைத்தியசாலைகளிலே உண்டு. இரும்புச் சத்தும் கல்சியமும் குறைந்த உடலே ஈயத்தை அதிகமாக ஏற்கும். முள்ளோடு உண்ணும் நெத்தலியும், முருங்கையிலையும், பாலும் இவ்வகையிலே பிள்ளைக்குத் துணை செய்யும். இவை நோயைத் தீர்க்கும் மருந்தல்ல. நோய் நுழையும் கதவை ஒடுக்குவன. உருக்கிய இடத்து மேல்மணலைக் கூட்டிப் பெருக்காமல், நீர் தெளித்து அள்ளி அப்புறப்படுத்தி, புது மணல் பரப்பிவிடவேண்டும்.

வலை இல்லாமல் இக்கரையிலே வாழ்வில்லை. பாரம் இல்லாமல் வலையுமில்லை. ஈயத்தை வெறுத்து ஒதுக்குமாறு மீனவரைக் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. கேட்கத்தக்கது வேறொன்று. கையிலே கிடைத்த பழைய ஈயம் எதிலிருந்து வந்தது என்று ஒரு கணம் எண்ணவேண்டும். அதை எங்கே வைத்து உருக்குவது என்று மறுகணம் எண்ணவேண்டும். மாரி ஓய்ந்து, செப்பனிட்ட வலையோடு வாப்பா கடலிலிருந்து திரும்பும் காலையிலே, மீன் கூடையைத் தூக்க ஓடிவரும் பிள்ளை நலத்தோடு ஓடிவரவேண்டும். அதற்காகவே அவர் கடலுக்குப் போனார்.